லேப்ல குடுத்து ஃபிலிம் கழுவறவங்களுக்கு டார்க்ரூம் எவ்வளவு தெரிஞ்சிருக்கணும்

டார்க்ரூம்ல, அதாவது ஃபிலிம் கழுவி பிரிண்ட் போடற இருட்டறைல, கெமிக்கல் டிரேயில கை வைக்காம, நெகட்டிவைப் பெரிசாக்கிப் பிரிண்ட் போடற என்லார்ஜர் பக்கமே போகாம வாழ்நாள் பூரா ஃபிலிம்ல படம் எடுக்கலாம், அப்படி எடுத்த பெரிய ஆளுங்களே இருக்காங்க. ஆனா லேப்புக்குள்ள போன ரோல் என்ன ஆகுது, அங்க எதை மாத்த முடியும், எதை மாத்தவே முடியாது, இது தெரியாம எடுத்தா காசுதான் போகும். இப்ப மறுபடி பசங்க பீரோவுல கிடந்த கேமராவை தூசி தட்டி ரோல் போட்டு லேப்புக்கு கூரியர்ல அனுப்பறாங்க, அவங்க கேக்கற கேள்வி டார்க்ரூம் கத்துக்கணுமா வேணாமான்னு. என்னைக் கேட்டா, கைவேலையா கத்துக்க வேணாம், லேப்காரர்கிட்ட சரியா சொல்லத் தெரியணும், கழுவி வந்த நெகட்டிவைப் பாத்து என்ன நடந்துச்சுன்னு கண்டுபிடிக்கத் தெரியணும், அவ்வளவுதான். அந்த அவ்வளவு எவ்வளவுங்கறது நீங்க போடற ஃபிலிமைப் பொறுத்து மாறும், அதனால அதுலேர்ந்தே ஆரம்பிக்கறேன்.

ஸ்லைடு ஃபிலிம்னா, அதாவது நெகட்டிவா இல்லாம நேரா படமாவே வர்ற ஃபிலிம்னா, டார்க்ரூம் அறிவு கிட்டத்தட்ட பூஜ்யம் போதும், ஆனா எக்ஸ்போஷர்ல, அதாவது ஃபிலிமுக்குக் காட்டற வெளிச்ச அளவுல, மன்னிப்பே கிடையாது. கோடாக்ரோமை எடுத்துக்கோங்க. 1935ல வந்தது. கலர் உண்டாக்கற கப்ளர்ங்கற கெமிக்கல் அந்த ஃபிலிமுக்குள்ளயே இருக்காது, டெவலப் பண்ணும்போதுதான் ஒவ்வொரு லேயருக்கா சேக்கணும், அதனால வீட்ல கழுவறதெல்லாம் நடக்கற காரியமே இல்ல. அமெரிக்காவுல ரொம்ப வருஷம் ஃபிலிம் விலையோட கழுவற காசையும் சேத்தே கோடாக் வித்துச்சு, 1954ல அரசாங்கத்தோட ஒரு வழக்கு சமரசத்துக்கு அப்புறம்தான் மத்த லேப்களுக்கும் கதவு திறந்துச்சு. ஸ்டீவ் மெக்கரி மாதிரி ஆளுங்க வருஷக்கணக்கா இந்த ஃபிலிமை நம்பியே வேலை பாத்தாங்க, 1984ல பெஷாவர் பக்கத்து அகதி முகாம்ல எடுத்த அந்த பச்சைக்கண்ணு பொண்ணு படமும் கோடாக்ரோம்தான். ஃபேக்டரில கடைசியா செஞ்ச ரோலை கோடாக் அவர்கிட்டயே குடுத்துச்சு, 2010 ஜூலைல அதை கான்சாஸ் மாநிலத்துல பார்சன்ஸ்ங்கற சின்ன ஊர்ல இருக்கற டுவேன்ஸ் ஃபோட்டோவுக்கு கைலயே கொண்டு போய்க் குடுத்தார், உலகத்துல கடைசியா கோடாக்ரோம் கழுவின லேப் அதுதான். இத்தனை வருஷ வேலைல அந்த ஃபிலிமை டெவலப் பண்ண ஃபோட்டோகிராஃபர் ஒரு தடவை கூட தொட்டிருக்க வேண்டிய அவசியமே இல்ல. அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது மீட்டர், அப்புறம் அந்த ஃபிலிமோட குணம். 64 ஐஎஸ்ஓ (ஃபிலிமோட ஸ்பீடு நம்பர்) ரோலை மீட்டர்ல 80ன்னு வெச்சு எடுத்தா கலர் கொஞ்சம் கெட்டியா வரும்ங்கற மாதிரி விஷயங்கள்.

இன்னைக்கு கிடைக்கற ஸ்லைடு எல்லாம் ஈ-6ங்கற முறைல கழுவறது, அதுவும் அதே கதைதான். வெளிச்சம் அரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு, இல்லாட்டி பாதி) தாண்டினா வெள்ளை வெளுத்துப் போயிடும், போனது போனதுதான். லேப்ல ஒண்ணே ஒண்ணு மாத்தலாம், முதல் டெவலப்பர்ல எவ்வளவு நேரம் இருக்குங்கறது. நார்மல் 38 டிகிரில 6 நிமிஷம், ஒரு ஸ்டாப் புஷ்னா, அதாவது வெளிச்சம் கம்மியா காட்டினதுக்கு ஈடா கூட நேரம் கழுவினா, சுமாரா 8 நிமிஷம். இந்த ஒரு விஷயத்தை வெச்சுதான் அந்தக் கால விளம்பர ஃபோட்டோகிராஃபர்ங்க கிளிப் டெஸ்ட்னு ஒரு வேலை பண்ணுவாங்க. ரோலோட ஒரு முனையில நாலஞ்சு ஃப்ரேமை மட்டும் வெட்டி நார்மலா கழுவச் சொல்லுவாங்க, லைட் டேபிள்ல வெச்சு லூப்ங்கற பூதக்கண்ணாடில பாத்துட்டு மிச்சத்தை மூணுல ஒரு ஸ்டாப் ஏத்து, அரை ஸ்டாப் இறக்குன்னு சொல்லுவாங்க. நீங்களும் பண்ணணும்னா ரெண்டு விஷயம் கவனிங்க. எந்த முனையில வெட்டுவீங்கன்னு லேப்ல முன்னாடியே கேட்டுக்கிட்டு அந்த முனையில அதே லைட்ல சும்மா நாலு ஃப்ரேம் எடுத்து வெச்சிடுங்க, ஏன்னா இருட்டுல தடவி வெட்டறவருக்கு ஃப்ரேம் எங்க முடியுதுன்னு தெரியாது, ஒரு படம் நடுவுல அறுபட்டே தீரும். அகலமான 120 ரோல்னா வெட்டறதை விட, ஒரே லைட்ல எடுத்த ரோல்கள்ல ஒண்ணை மட்டும் முதல்ல கழுவிப் பாத்துட்டு மத்ததை நிறுத்தி வெக்கச் சொல்றது நல்லது.

இப்ப கலர் நெகட்டிவ், அதைக் கழுவற முறைக்குப் பேர் சி-41. இங்கதான் ஜனங்க தேவையில்லாம பயப்படறாங்க, பயப்பட வேண்டிய இடத்துல பயப்பட மாட்டேங்கறாங்க. சி-41ல 100 ஐஎஸ்ஓவா இருந்தாலும் 800ஆ இருந்தாலும் எந்தக் கம்பெனி ஃபிலிமா இருந்தாலும் டெவலப்பர்ல 37.8 டிகிரி, 3 நிமிஷம் 15 செகண்ட், எல்லாம் ஒரே தொட்டிதான். அதனால லேப்புக்கு நீங்க சொல்லறதுக்கு ஒண்ணும் இல்ல. லேப் நல்லா இருக்காங்கறது மட்டும்தான் கேள்வி, அதுக்கு நீங்க கேக்க வேண்டியது கண்ட்ரோல் ஸ்ட்ரிப் ஓட்டறீங்களான்னு. அது கம்பெனிலயே அளவா எக்ஸ்போஸ் பண்ணி வர்ற துண்டு ஃபிலிம், அதைக் கழுவி, அடர்த்தி அளக்கற டென்சிட்டோமீட்டர்ல அளந்து கெமிக்கல் சரியா இருக்கான்னு பாப்பாங்க. தினமும் ஓட்டற லேப்பா, எப்பவாவது ஓட்டற லேப்பா, ஓட்டவே ஓட்டாத லேப்பான்னு பதில்லயே தெரிஞ்சிடும், கேட்டா கோவிச்சுக்கறவர்கிட்ட முக்கியமான ரோலைக் குடுக்காதீங்க.

எக்ஸ்போஷர்ல கலர் நெகட்டிவ் ஒரு பக்கம் தாராளம், இன்னொரு பக்கம் கஞ்சம். ஒரு ஸ்டாப், ரெண்டு ஸ்டாப் கூடப் போனாலும் சமாளிச்சிடும், கம்மியாச்சுன்னா நிழல் பகுதில மண்ணு மாதிரி க்ரெயினும் பச்சையோ நீலமோ கலந்த அழுக்குக் கலரும்தான் வரும். கல்யாணம் எடுக்கறவங்க கோடாக்கோட 160 போர்ட்ரா ஃபிலிமை 100ன்னு வெச்சு எடுத்தது இதனாலதான். இதுக்கு லேப்ல புல் பண்ணுங்க, அதாவது நேரத்தைக் குறைச்சுக் கழுவுங்கன்னெல்லாம் சொல்ல வேணாம், நார்மலா கழுவச் சொன்னாப் போதும்.

பயப்பட வேண்டிய இடம் பிரிண்டரும் ஸ்கேனரும். லேப் மிஷின் எல்லாப் படத்தையும் தானா ஒரு நடுத்தர வெளிச்சத்துக்கு இழுத்துட்டு வரும், வெள்ளை வேட்டி சட்டை கும்பலை எடுத்தா சாம்பலா வரும், கருப்புக் கோட்டு கும்பலை எடுத்தாலும் சாம்பலா வரும். இதை விட வேடிக்கை என்னன்னா, ஃபிலிமை டெஸ்ட் பண்றேன்னு ஒரே சீனை 100, 200, 400ன்னு மாத்தி மாத்தி எடுத்து குடுப்பாங்க, மிஷின் மூணையும் சமமாக்கித் திருப்பி அனுப்பும், உடனே இந்த ஃபிலிம்ல எப்படி எடுத்தாலும் ஒண்ணுதான்னு முடிவு பண்ணிடுவாங்க. டெஸ்ட் பண்ணா நெகட்டிவைப் பாருங்க, ஸ்கேனைப் பாக்காதீங்க. இல்லாட்டி எல்லா ஃப்ரேமையும் ஒரே செட்டிங்ல கரெக்‌ஷன் இல்லாம ஸ்கேன் பண்ணுங்கன்னு எழுதிக் குடுங்க. இந்த ஃபிலிம் கலர் இப்படி, அந்த ஃபிலிம் கலர் அப்படின்னு ஆன்லைன்ல நடக்கற சண்டைல பெரும்பகுதி ஸ்கேன் பண்ண ஆபரேட்டரோட ரசனை பத்தின சண்டைதான்.

கருப்பு வெள்ளைலதான் நிஜமாவே கொஞ்சம் படிக்கணும். அங்க சி-41 மாதிரி எல்லாத்துக்கும் ஒரே நேரம் கிடையாது. இல்ஃபோர்ட் கம்பெனியோட ஹெச்பி5 பிளஸ் ஃபிலிமை 400ல எடுத்து ஐடி-11 டெவலப்பர்ல தண்ணி கலக்காம கழுவினா 20 டிகிரில ஏழரை நிமிஷம், அதையே 1600ன்னு எடுத்திருந்தா 14 நிமிஷம், வேற டெவலப்பர் போட்டா வேற கணக்கு, வேற ஃபிலிம்னா வேற கணக்கு. ஒவ்வொரு ரோலுக்கும் தனியா டேங்க் போடாம, வந்த ரோலையெல்லாம் சேத்துப் போட்டு ஒரே நேரத்துல கழுவற லேப்புகளும் உண்டு, ஒண்ணு கெட்டியா வரும், ஒண்ணு மெலிசா வரும். அதனால என்ன டெவலப்பர், ஃபிலிமுக்கு ஏத்த மாதிரி நேரம் மாத்துவீங்களான்னு ரெண்டு கேள்வி கேளுங்க. இந்த வம்பே வேணாம்னா இல்ஃபோர்ட் எக்ஸ்பி2 சூப்பர் போடுங்க, படம் கருப்பு வெள்ளை, கழுவறது சாதாரண சி-41, எந்தக் கலர் லேப்லயும் குடுக்கலாம்.

அமெரிக்க ஃபோட்டோகிராஃபர்ங்க ஆன்செல் ஆடம்ஸும் ஃப்ரெட் ஆர்ச்சரும் 1940 வாக்குல உருவாக்கின ஸோன் சிஸ்டம் படிச்சாகணுமான்னு கேப்பாங்க. நிழலுக்கு எக்ஸ்போஸ் பண்ணு, வெளிச்சத்துக்கு டெவலப் பண்ணுங்கற அதோட அடிப்படை புரிஞ்சா போதும். நிழல்ல என்ன பதியுதுங்கறது கேமராவுல முடிவாயிடுது, வெளிச்சமான இடம் எவ்வளவு கெட்டியாகுதுங்கறது டெவலப் பண்ற நேரத்துல முடிவாகுது. ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியா டெவலப்மெண்ட் மாத்தறது, படத்துக்கு ஒரு தனித்தாளா போடற ஷீட் ஃபிலிம்காரங்களுக்கு சரி, 36 ஃப்ரேமும் ஒரே தண்ணில முங்கி எழுந்திரிக்கற ரோலுக்கு அது ஒத்து வராது.

அதுலேர்ந்து வர்ற முக்கியமான பாடம்தான் புஷ். புஷ் பண்ணா ஃபிலிம் ஸ்பீடு ஏறிடும்னு நிறைய பேர் நம்பறாங்க. 400 ஃபிலிமை 1600ன்னு எடுத்தா ரெண்டு ஸ்டாப் கம்மியா வெளிச்சம் காட்டியிருக்கோம், நிழல்ல பதியாதது எவ்வளவு நேரம் ஊறப்போட்டாலும் வராது, நடுப்பகுதியும் வெளிச்சப்பகுதியும்தான் மேல ஏறும், கான்ட்ராஸ்ட் கூடும், க்ரெயின் கூடும். மேடைக் கச்சேரி, ராத்திரித் தெரு மாதிரி இடத்துல அந்த லுக் நல்லாவே இருக்கும், அது வேற. செய்ய வேண்டியது என்னன்னா, ஒரு ரோல் முழுக்க ஒரே ஸ்பீடுல எடுங்க, நடுவுல மாத்தாதீங்க, ரோலை எடுத்த உடனே அந்த உருளை மேலயே மார்க்கர்ல 400 ஃபிலிம், 1600ல எடுத்தது, புஷ் 2 அப்படின்னு மூணையும் எழுதுங்க. வெறும் 1600னு எழுதினா லேப்ல இருக்கறவருக்கு அது குறிப்பா கட்டளையான்னு புரியாது, வெறும் புஷ்னு எழுதினா எத்தனைன்னு தெரியாது. கூரியர் கவர்ல இருக்கற சீட்டு தனியா போயிடும், உருளை மேல எழுதினது போகாது.

இப்ப நான் ரொம்ப முக்கியமா நினைக்கறது, கழுவி வந்த நெகட்டிவைப் படிக்கறது. டார்க்ரூம் அறிவுல ஒண்ணே ஒண்ணுதான் கத்துப்பேன்னு அடம் புடிச்சா இதைக் கத்துக்கோங்க. படம் கெட்டுப் போச்சுன்னா தப்பு உங்களதா, கேமராவோடதா, லேப்போடதான்னு இதுலயே தெரிஞ்சிடும்.

முதல்ல படத்தைப் பாக்காதீங்க, ஓரத்துல இருக்கற ஃப்ரேம் நம்பரையும் ஃபிலிம் பேரையும் பாருங்க. அது ஃபேக்டரிலயே வெளிச்சம் காட்டிப் பதிச்சது, உங்க கேமராவுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, டெவலப் ஆனாதான் தெரியும். அதனால நம்பர் நல்லாக் கருப்பா தெளிவா இருந்து படம் மட்டும் மெலிசா இருந்தா நீங்க வெளிச்சம் கம்மியா காட்டியிருக்கீங்க, லேப்பைத் திட்டாதீங்க. நம்பரும் மங்கலா இருந்தா டெவலப்மெண்ட் பத்தல, கெமிக்கல் செத்துப் போயிருக்கு இல்லாட்டி நேரமோ சூடோ கம்மி. நம்பர் இருக்கு, படமே இல்லன்னா ஃபிலிம் கேமராவுல சுத்தவே இல்ல, ஷட்டர் திறக்கல, லென்ஸ் மூடி போட்டே எடுத்தீங்க, இதுல ஏதோ ஒண்ணு. நம்பரும் இல்ல, முழுசும் கண்ணாடி மாதிரி இருக்குன்னா டெவலப்பருக்கு முன்னாடியே ஃபிக்ஸர்ல (மிச்சத்தைக் கரைச்சு படத்தை நிலைக்க வெக்கற கெமிக்கல்) போயிருக்கு, இல்லாட்டி டெவலப்பரே வேலை செய்யல, அது லேப்ல நடந்தது. ஓரம் உட்பட மொத்தமும் கருப்புன்னா வெளிச்சம் பட்டிருக்கு, ஓரம் சுத்தமா இருந்து ஃப்ரேம் மட்டும் கருப்புன்னா ஓவர் எக்ஸ்போஷர்.

லைட் லீக்கும் அதே மாதிரிதான். கறை ஃப்ரேமைத் தாண்டி ஃபிலிம் ஓரத்துல இருக்கற பல் ஓட்டை வரைக்கும் போயிருந்தா கேமராவோட பின்கதவு ஃபோம் போயிருக்கு இல்லாட்டி உருளைக்குள்ளயே வெளிச்சம் போயிருக்கு, ஃப்ரேமோட எல்லைக்குள்ள நின்னா லென்ஸ் பக்கமோ ஷட்டரோ. பல் ஓட்டைங்களுக்கு நேரா படத்துக்குள்ள கோடு கோடா அடர்த்தி மாறியிருந்தா டேங்கை ஆட்டின விதம் சரியில்ல. பிறை மாதிரி சின்னச் சின்ன மடிப்புத் தழும்பு இருந்தா ரீல்ல ஏத்தும்போது ஃபிலிமை மடக்கிட்டாங்க. ரோல் நீளத்துக்கும் ஒரே நேர்கோடா கீறல் இருந்தா அதுல மட்டும் அவசரப்பட்டு லேப்பைப் பிடிக்காதீங்க, கேமராவோட பிரஷர் பிளேட்ல ஒட்டின மணலும் அதையே பண்ணும். ஒரு மலிவு ரோலை கேமராவுல சுத்தி வெளிய எடுத்து கழுவாமலே வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தா கீறல் கேமராவுலயே விழுதான்னு தெரிஞ்சிடும்.

சிலது திருத்தக் கூடியது, இதுதான் நிறைய பேருக்குத் தெரியாது. கருப்பு வெள்ளை நெகட்டிவ் பால் மாதிரி கலங்கலா இருந்தா ஃபிக்ஸர் பத்தல, திரும்ப ஃபிக்ஸர்ல போட்டா தெளிஞ்சிடும். கலர் நெகட்டிவ் ரொம்ப அடர்த்தியா, கலர் செத்து, க்ரெயினா இருந்தா ப்ளீச் முழுசா ஆகாம வெள்ளி உள்ள தங்கியிருக்கலாம், மறுபடி ப்ளீச், ஃபிக்ஸ் பண்ணச் சொல்லுங்க. நீங்க கேட்டாதான் செய்வாங்க, கேக்கத் தெரியணும்னாதான் இவ்வளவும் சொல்றேன்.

இந்த அறிவு இல்லாததால ஒரு கதை எழுபது வருஷம் ஓடின வரலாறு உண்டு. ரெண்டாம் உலகப் போர்ல நேசப்படைங்க பிரான்ஸ்ல இறங்கின நாள், 1944 ஜூன் 6, நார்மண்டி ஒமாஹா கடற்கரைல போர் ஃபோட்டோகிராஃபர் ராபர்ட் காபா எடுத்த ரோல்களை லைஃப் பத்திரிகையோட லண்டன் ஆஃபீஸ்ல காய வெக்கும்போது சூடு அதிகமாகி எமல்ஷன், அதாவது படம் பதியற பூச்சு, உருகி ஓடிடுச்சு, கொஞ்சம் ஃப்ரேம்தான் தப்பிச்சுதுன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. 2014லேர்ந்து விமர்சகர் ஏ. டி. கோல்மனும் கூட சேந்தவங்களும் அதை நோண்டி, அந்த ஃபிலிம் அப்படி உருகி ஓடாதுன்னு டார்க்ரூம் தெரிஞ்சவங்களை வெச்சு வாதாடினாங்க, அந்தக் காலத்துல லண்டன் ஆஃபீஸ்ல படங்களுக்குப் பொறுப்பா இருந்த ஜான் மோரிஸே கடைசில, அந்த ரோல்கள்ல ஒண்ணும் இல்லாமலே இருந்திருக்கலாம்னு இறங்கி வந்தார். டார்க்ரூம் பையன்னு ஒருத்தன் தலைல பழி போட்டு எல்லாரும் நிம்மதியா இருந்திருக்காங்க பாருங்க.

அடுத்து பிரிண்ட். ஆன்லைன்ல மட்டும் படம் போடறவங்க இதைத் தாண்டிப் போயிடலாம். பிரெஞ்சு ஃபோட்டோகிராஃபர் ஹென்றி கார்த்தியே-ப்ரெஸோன் பிரிண்ட் போடற வேலைய தானே பண்ணிட்டு உக்காரல, பியர் காஸ்மன் 1950ல பாரிஸ்ல ஆரம்பிச்ச பிக்டோ லேப்தான் அவருக்கும் மேக்னம்ங்கற ஃபோட்டோகிராஃபர்ங்க கூட்டுறவு அமைப்போட ஆளுங்களுக்கும் பிரிண்ட் போட்டுது. ஆனா எப்படி வேணும்ங்கறதுல அவர் தெளிவு, ஃப்ரேமை வெட்டக் கூடாது, முழுசா வரணும். நியூயார்க் மேக்னம்ல பாப்லோ இனிரியோ போட்ட பிரிண்டுகளுக்கான குறிப்புத்தாள் இணையத்துல கிடைக்கும், 1955ல டென்னிஸ் ஸ்டாக் எடுத்த, நடிகர் ஜேம்ஸ் டீன் மழைல டைம்ஸ் ஸ்கொயர்ல நடந்து வர்ற படத்து மேல வட்டம் வட்டமா போட்டு இங்க இத்தனை செகண்ட் கூட, இங்க இத்தனை கம்மின்னு எழுதி ரொப்பி வெச்சிருப்பார். லேப்காரர்கிட்ட எந்த அளவுக்கு விவரமா பேசலாம்ங்கறதுக்கு அதைப் பாருங்க.

நீங்க அவ்வளவு செகண்ட் கணக்கெல்லாம் சொல்ல வேணாம். முதல்ல கான்டாக்ட் ஷீட் வாங்குங்க, 36 ஃப்ரேமும் ஒரே தாள்ல நெகட்டிவ் சைஸ்லயே வரும், அதுல மெழுகுப் பென்சில்ல தேர்ந்தெடுங்க. அப்புறம் ஒரு சாதா பிரிண்ட் வாங்கி அது மேலயே எழுதுங்க, வானம் கறுக்கணும்னா பர்ன், முகம் வெளுக்கணும்னா டாட்ஜ், இந்த ரெண்டு வார்த்தையும், கான்ட்ராஸ்ட் கிரேடு 0லேர்ந்து 5 வரைன்னும் தெரிஞ்சாப் போதும். கலர் பிரிண்ட்ல மட்டும் ஒரு எச்சரிக்கை, கண்ணுக்குத் தெரியறதைச் சொல்லுங்க, வைத்தியத்தைச் சொல்லாதீங்க. தையல்காரர்கிட்ட தோள்ல இறுக்குதுன்னுதானே சொல்றோம், எந்தத் தையலைப் பிரிக்கணும்னு சொல்றதில்லையே. நெகட்டிவ்லேர்ந்து பிரிண்ட் போடும்போது மெஜந்தாவைக் குறைக்கணும்னா என்லார்ஜர்ல மெஜந்தா ஃபில்டரைக் கூட்டணும், தலைகீழ், நீங்க அரைகுறையா தெரிஞ்சுக்கிட்டு மெஜந்தாவைக் குறைங்கன்னா அவர் ஃபில்டரைக் குறைச்சிட்டு இன்னும் செவக்க வெச்சுக் குடுத்துடுவார். முகம் செவப்பா இருக்கு, கொஞ்சம் குறையணும், அவ்வளவு சொல்லுங்க. அதையும் ட்யூப் லைட்டுக்குக் கீழ பாத்துட்டு சொல்லாதீங்க, பகல்ல ஜன்னல் ஓரமா பாத்துட்டு சொல்லுங்க.

இவ்வளவும் படிச்சு மண்டைல ஏறலைன்னா ஒரே ஒரு கருப்பு வெள்ளை ரோலை மட்டும் வீட்ல நீங்களே கழுவிப் பாருங்க. அதுக்கு இருட்டறை கூட வேணாம், ஃபிலிமை ரீல்ல ஏத்தற வரைக்கும் வெளிச்சம் புகாத சேஞ்சிங் பேக்ங்கற பை போதும், மூடி போட்ட டேங்க்குள்ள போயிட்டா மிச்சமெல்லாம் வெளிச்சத்துலயே. நம்மூர் குழாய்த் தண்ணி 20 டிகிரில வராது, டேங்கைச் சுத்தி ஐஸ் தண்ணி வெச்சு இறக்குங்க, இல்லாட்டி 24 டிகிரிக்கு உண்டான குறைஞ்ச நேரத்தை சார்ட்ல பாத்துப் போடுங்க, ஒரு தெர்மாமீட்டர் மட்டும் நல்லதா வாங்குங்க. சூடு ரெண்டு டிகிரி மாறினா நெகட்டிவ் எப்படி மாறுது, ஆட்டறது ஏன் முக்கியம், எல்லாம் கைக்குத் தெரிஞ்சிடும், அதுக்கப்புறம் லேப்புக்கே குடுங்க, ஒண்ணும் தப்பில்ல. கலர் கழுவறதைக் கத்துக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், 37.8 டிகிரியைக் கால் டிகிரி கூட அலையாம பிடிச்சு வெக்கறது மிஷினோட வேலை.

கடைசியா ஒண்ணு, சினிமா ஃபிலிமை வெட்டி உருளைல அடைச்சு விக்கறாங்களே, அதுல பின்பக்கம் ரெம்ஜெட்னு கரிப் பூச்சு இருக்கற ஸ்டாக்கா இருந்தா சி-41 மிஷின்ல சொல்லாம குடுத்துடாதீங்க. அந்தக் கரி கெமிக்கல்ல கலந்து ரோலர்ல ஒட்டி அடுத்தவங்க ரோலையும் நாசம் பண்ணிடும். அதுக்கு ஈசிஎன்-2ன்னு தனி முறை, டெவலப்பர் சூடே 41 டிகிரி, அதைச் செய்யற லேப்பா பாத்து, ரோல் மேல ஈசிஎன்-2ன்னு பெரிசா எழுதி அனுப்புங்க. அப்படியே நெகட்டிவைத் திருப்பி அனுப்புங்க, ஆறு ஆறா வெட்டி ஸ்லீவ்ல போட்டு அனுப்புங்கன்னும் கூட வெக்கற சீட்டுல எழுதிடுங்க, ஸ்கேன் மட்டும் போதும்னு நெனச்சு லேப்ல விட்டுட்டா கொஞ்ச நாள்ல தூக்கிப் போட்டுடுவாங்க.